படுக்கையிலிருந்து தெரியும் தோட்டம்: ஹாஸ்பிஸ் தன்னார்வலர்களுக்கான வேலைக் குறிப்புகள்

ஹாஸ்பிஸ் என்பது குணமாக்க முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை வலி தணித்துப் பராமரிக்கும் இடம். அங்கே தோட்டம் போட மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, விரிப்பு எடுத்த காலிக் கட்டில் ஒன்றில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகவே சாய்ந்திருப்பார்கள்.

ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது? பல கட்டடங்களில் ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். படுத்திருப்பவரின் கண்ணும் ஏறத்தாழ அதே உயரம்தான். சுவரோரம் வரிசை கட்டி நட்ட கனகாம்பரமும் பத்துமணிப்பூவும் அவர் கண்ணில் படவே படாது. மதிலின் மேல்பகுதி, ஒரு துண்டு வானம், அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் தெரியும். வாசலிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும் தோட்டம் வருகிறவர்களுக்கும் புகைப்படத்துக்கும் ஆனது. ஹாஸ்பிஸில் அது இரண்டாம்பட்சம்.

தரையிலிருந்து மூன்றடிக்கும் எட்டடிக்கும் இடைப்பட்ட பகுதிதான் உங்கள் வேலைக்களம். இரண்டரை அடி உயர இரும்பு ஸ்டாண்டில் தொட்டிகள், எதிர்மதிலில் கம்பிவலை கட்டி ஏற்றிய சங்குப்பூ, ஐந்தடிக்கு வளரவிட்ட செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவை கட்டிலிலிருந்து தெரியும். ஸ்டாண்டை ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் காற்றும் வெளிச்சமும் தடைபடும். கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் கருஞ்சிவப்பும் ஊதாவும் மங்கிவிடும். வெள்ளையும் மஞ்சளும் ஆரஞ்சும் வலையைத் தாண்டித் தெளிவாகத் தெரியும். செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் தேன்சிட்டு வரும். நாள் முழுக்க அசையாத காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த அசைவு பூவைவிடப் பெரிது.

எதை நடக்கூடாது

இந்தப் பட்டியல்தான் மற்ற தோட்டங்களிலிருந்து ஹாஸ்பிஸ் தோட்டத்தைப் பிரிக்கிறது.

அரளி, தங்க அரளி, ஊமத்தை மூன்றும் வளாகத்துக்குள் இருக்கவே கூடாது. அவை நஞ்சு. இங்கே வலியிலும் மனச்சோர்விலும் இருப்பவர்கள் உண்டு, குழப்ப நிலையில் கையில் கிடைத்ததை வாயில் வைப்பவர்கள் உண்டு, பார்க்க வரும் குழந்தைகளும் உண்டு. ஏற்கெனவே வளர்ந்த மரம் இருந்தால் நிர்வாகத்திடம் சொல்லி வேரோடு எடுங்கள். வெட்டியதை எரிக்கக்கூடாது, அதன் புகையும் கெடுதல்.

நித்தியகல்யாணி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. எந்த வெயிலுக்கும் வாடாது, வருடம் முழுக்கப் பூக்கும், நர்சரியில் அதைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். ஆனால் “இதிலிருந்துதானே கேன்சருக்கு மருந்து எடுக்கிறார்கள்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் செடியில் இலை இருக்காது. வீட்டார் பறித்துக் கஷாயம் போட்டிருப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்துவந்த இலை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, இரத்த வெள்ளணுக்கள் இறங்கின. அதைத் தொடர்ந்து 1958இல் அவர்கள் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. பிரித்து, அளந்து, நரம்பில் ஏற்றினால் மருந்து. அளவில்லாமல் காய்ச்சிக் குடித்தால், ஏற்கெனவே எதிர்ப்புசக்தி குறைந்தவருக்கு ஆபத்து. ஆகவே இந்தச் செடி வேண்டாம். முள்சீத்தா மரமும் இதே காரணத்தால் வேண்டாம். எந்த இலையையும் “இது நல்லது, அரைத்துக் கொடுங்கள்” என்று தன்னார்வலர் சொல்லக்கூடாது, துளசியாக இருந்தாலும் சரி.

முருங்கை வார்டுப் பக்கம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி அடைஅடையாக மரத்தில் அப்பும். அதன் சுணை பட்டால் அரிப்பு தாங்காது, படுத்த நிலையில் சொறியக்கூட முடியாதவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னையின் கீழே வீல்சேர் பாதையோ பெஞ்சோ போடக்கூடாது. காகிதப்பூவை மதிலுக்கு வெளிப்புறம் தள்ளுங்கள், முள் உண்டு.

மணம் பற்றித்தான் அதிகம் தவறு நடக்கிறது. மல்லிகைப் பந்தலும் இரவு ராணியும் போட்டால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைப்போம். கீமோ எடுத்தவர்களுக்கும் வாந்தி உணர்வோடு இருப்பவர்களுக்கும், நேற்றுவரை பிடித்த வாசனையே இன்று குமட்டும். ஜன்னல் வழியே வரும் மணத்தை அவர்களால் நிறுத்த முடியாது. எழுந்து போகவும் முடியாது. தானாக வீசும் மணத்தைத் தூரத்தில் வையுங்கள். கசக்கினால் மட்டும் மணக்கும் செடிகளை, அதாவது கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, மரிக்கொழுந்து, எலுமிச்சைப்புல் போன்றவற்றை, பாதையோரம் வீல்சேரில் இருப்பவர் கைக்கு எட்டும் இரண்டரை அடி உயரத்தில் வையுங்கள். வேண்டும் என்பவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துகொள்வார், வேண்டாதவரை அது தொந்தரவு செய்யாது. மரம் நட இடம் இருந்தால் மகிழம் நல்ல தேர்வு. மணம் மென்மையானது, உதிர்ந்து காய்ந்த பூவிலும் நிற்கும், ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

மண், உரம், ஈ

வார்டில் ஆறாத புண்ணோடு, குறிப்பாக வாய், கழுத்து, மார்பகப் புற்றுநோய்ப் புண்ணோடு, இருப்பவர்கள் உண்டு. ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கும். இதைச் செவிலியர்கள் எவ்வளவு பாடுபட்டுத் தடுக்கிறார்கள் என்று தெரிந்தால், பச்சைச் சாணத்தை வளாகத்துக்குள் கொண்டுவர மனம் வராது. பச்சைச் சாணம், கடலைப்புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யம் எல்லாம் வீட்டு மாடித்தோட்டத்தில் அருமையானவை. இங்கே நான்குமே தடை. முழுதாக மட்கிய, வாடையற்ற மண்புழு உரம் மட்டும் போதும்.

இலைதழைகளை மட்க வைக்கும் குழி வார்டிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அடிக்கும் காற்று குழியிலிருந்து வார்டுக்கு வராத பக்கமாகப் பார்த்துத் தோண்டுங்கள். சமையலறை ஈரக்கழிவு அதில் சேரக்கூடாது. வளாகம் சிறியதென்றால் உரம் தயாரிக்கும் ஆசையை விட்டுவிட்டு மூட்டையாக வாங்குங்கள். மட்கும் இலையிலும் உரத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். கிளறும்போது அதன் வித்துகள் காற்றில் பறக்கும். நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, வெள்ளணு குறைந்தவருக்கு அது நுரையீரல் தொற்றாகும். எனவே மண் கலப்பதை வார்டுக்கு எட்டாத இடத்தில், நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு, என்95 முகக்கவசத்தோடு செய்யுங்கள். நோயாளி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொட்டி மாற்றும் வேலை கூடாது.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பத்து அங்குலத் தொட்டி ஒன்றுக்கு எட்டு லிட்டர் கலவை பிடிக்கும். அதில் ஒரு கைப்பிடி, சுமார் 50 கிராம், வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். புண்ணாக்கு ஈரம் பட்டதும் சில நாள் வாடை அடிக்கும், ஆகவே கலந்ததை ஒரு வாரம் மூடி வைத்த பிறகே தொட்டியில் நிரப்பி வார்டுப் பக்கம் கொண்டு வாருங்கள். நார்த்தூள் 5 கிலோ கட்டியாக வரும், தண்ணீரில் ஊறினால் 75 லிட்டர் அளவுக்கு உப்பும். இரண்டு முறை அலசிப் பிழியாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும். தொங்கும் தொட்டிக்குச் செம்மண் வேண்டாம், கனம் தாங்காது. நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும், வராத செம்பருத்தி கிடையாது. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிடுங்கள். மீதமிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு மில்லி சோப்புக் கரைசல் கலந்து தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய் வாடை கடுமை. தொட்டியைத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்த் தெளித்து, இரண்டு நாள் அங்கேயே விட்டு, பிறகு திருப்பி வையுங்கள். தொட்டியில் வளர்ப்பதன் லாபமே அதுதான். ரசாயனப் பூச்சிக்கொல்லி எந்த நிலையிலும் கிடையாது.

எறும்புக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். மாவுப்பூச்சி இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். கிளை ஜன்னலையோ சுவரையோ தொட்டால் அதுவே அதற்குப் பாலம், இரவில் கட்டில்வரை வந்துவிடும். வாரம் ஒருமுறை ஜன்னலைச் சுற்றி இரண்டடிக்கு எந்தக் கிளையும் தொடாமல் வெட்டிவிடுங்கள்.

தண்ணீர்

பத்து அங்குலத் தொட்டிக்குச் சித்திரை, வைகாசியில் தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். மழைக்காலம் முடிந்து மாசி வரை ஒருநாள் விட்டு ஒருநாள். மழைக்காலத்தில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். ஹாஸ்பிஸில் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். காலையில் நீங்கள் ஊற்றுவீர்கள், பத்து மணிக்கு வாட்ச்மேன் ஊற்றுவார், மாலையில் நேரம் போகாமல் நிற்கும் உறவினர் ஒருவர் பூவாளியை எடுப்பார். அடியிலை மஞ்சளாகி, மண்ணின் மேல் பச்சைப் பாசி படிந்தால் இதுதான் காரணம். குழாயடியில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, ஊற்றியவர் தேதியும் நேரமும் எழுதச் செய்தால் தீரும்.

காலை ஆறரைக்குள் ஊற்றி முடியுங்கள். பாதை ஈரமாக இருக்கும்போது தடியூன்றி நடப்பவர் வெளியே வந்துவிடக்கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். குருவிக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தினமும் இதே கவனம் வேண்டும். புறாவுக்குத் தீனி போடுவதை மட்டும் யார் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். அதன் எச்சத்திலுள்ள பூஞ்சை எதிர்ப்புசக்தி இல்லாதவர்களுக்கு மூளைவரை போகும் தொற்றைத் தரக்கூடியது.

பாதை

வீல்சேர் திரும்ப ஐந்தடி அகலம் வேண்டும். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு. அழகுக்காகக் கூழாங்கல்லோ இடைவெளி விட்ட கடப்பைக் கல்லோ பதிக்காதீர்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவருக்கு ஒவ்வொரு அதிர்வும் வலி. சோதிக்க எளிய வழி: வீல்சேர் இருக்கையில் ஒரு தட்டும், அதன்மேல் விளிம்புவரை நீர் நிரப்பிய டம்ளரும் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கெல்லாம் தளும்புகிறதோ அங்கெல்லாம் சிமெண்டுப் பூச்சு சரிசெய்ய வேண்டும். மழைக்குப் பிறகு பாசி பிடித்தால் கம்பித் தூரிகையும் மணலும் கொண்டு தேயுங்கள். பிளீச்சிங் பவுடரின் நெடி மூச்சுத்திணறலைக் கூட்டும்.

உட்காரும் இடத்துக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த தோலில் நேர் வெயில் படக்கூடாது. அங்கே ஊதுபத்தி, கற்பூரம், சிகரெட் எதுவும் ஆகாது, ஆக்சிஜன் சிலிண்டரோடு ஒருவர் வந்து உட்காரலாம்.

நேரமும் சத்தமும்

காலை ஆறு முதல் எட்டரை வரை, மாலை நாலரை முதல் ஆறு வரை. இடையில் டாக்டர் ரவுண்ட்ஸ், புண் கட்டுவது, சாப்பாடு, பகல் தூக்கம் எல்லாம் உண்டு. இரவெல்லாம் வலியில் விழித்திருந்தவர் ஏழு மணிக்குத்தான் கண்ணயர்ந்திருப்பார் என்பதால், எந்த ஜன்னலருகே வேலை செய்யலாம் என்று தினமும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெட்ரோல் புல்வெட்டி வேண்டவே வேண்டாம், கைக்கத்தரி போதும். ஈர்க்குமாறால் பெருக்குவதற்கு முன் நீர் தெளித்தால் தூசியும் எழாது, சத்தமும் குறையும். சருகை எரிப்பது கிடையாது.

இறந்தவரை வெளியே கொண்டுவரும்போது வேலையை நிறுத்துங்கள். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். வண்டி வந்து திரும்பும் இடத்தில் தொட்டியோ மண் குவியலோ எந்நாளும் இருக்கக்கூடாது. வீட்டார் பூ கேட்டால் கொடுங்கள், அதற்கென்றே பின்பக்கம் ஒரு பாத்தி செண்டுமல்லி இருப்பது நல்லது.

நோயாளியோடு சேர்ந்து நடுவது

இங்கே காலம் வேறு கணக்கு. “பொங்கலுக்குப் பூத்துவிடும்” என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இன்று போட்டால் இந்த வாரத்துக்குள் ஏதாவது நடக்கிற செடியாக இருக்க வேண்டும். அதற்கு வெந்தயத்தை மிஞ்சியது இல்லை. இரவு ஊறவைத்ததை மறுநாள் காலை பரப்பினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும், ஒரு வாரத்துக்குள் இரண்டிலை விரியும். பத்துமணிப்பூவில் நான்கு அங்குலத் தண்டைக் கிள்ளிச் சொருகினால் இரண்டு மூன்று வாரத்தில் பூக்கும். காலை வெயில் ஏறியதும் விரிந்து மாலைக்குள் மூடிவிடும், பார்த்துக்கொண்டிருக்க ஒரு வேலை ஆகும். கொத்தமல்லி முளைக்கவே பத்து நாள் ஆகும், அதற்கு அவசரப்படாதீர்கள்.

இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டு, அலசிய ஈர நார்த்தூள், ஒரு தேக்கரண்டி வெந்தயம், கையுறை. மண் வேண்டாம். எதிர்ப்புசக்தி மிகக் குறைந்தவர் என்று சிஸ்டர் சொன்னால் தட்டையும் கட்டிலருகே கொண்டுபோகாமல், ஜன்னலுக்கு வெளியே வைத்துக் காட்டுங்கள். உட்கார முடிந்தவருக்கு மார்பளவு மேசையில் தட்டை வைத்து, “அம்மா, கொஞ்சம் வெந்தயம் தூவலாமா?” என்று கேளுங்கள். “வேண்டாம்ப்பா” என்றால் “சரிம்மா” என்று நகர்ந்துவிடுங்கள், இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். கை நடுங்கினால் கையைப் பிடித்துத் தூவ வைக்காதீர்கள். அவர் சொல்லும் இடத்தில் நீங்கள் போடுங்கள். நோய் என்ன, எத்தனை நாளாக என்று கேட்க வேண்டாம். தண்ணீர் கேட்டால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், விழுங்க முடியாதவருக்கு ஒரு வாய்த் தண்ணீரும் புரையேறும். படம் எடுக்கக் கூடாது.

தட்டில் பெயர் எழுதியிருந்தால், அவர் இறந்த பிறகு அதைச் சும்மா தூக்கிப் போடாதீர்கள். வீட்டாரிடம் கேளுங்கள், சிலர் எடுத்துப் போவார்கள். வேண்டாம் என்றால் அன்றே அப்புறப்படுத்துங்கள். அதே தட்டை அடுத்த கட்டிலுக்குக் கொடுப்பது மட்டும் கூடாது.

நினைவுச்செடி நட வேண்டும் என்று வரும் குடும்பங்களைச் சமாளிப்பது சிரமமான வேலை. இடம் இருக்கிறதே என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கன்று நட்டால், மூன்றாண்டில் நெருக்கியடித்து எதுவும் வளராது. வைத்த கன்று பட்டுப்போய், வருஷத் திவசத்துக்கு வரும் மகள் வெறும் குச்சியைப் பார்க்கும் நிலையும் வரும். பெயர்ப் பலகையைச் செடியில் தொங்கவிடாமல் சுவரில் பதியுங்கள். கன்றுக்குப் பதில் நிழல்வலை, பெஞ்சு, தொட்டி ஸ்டாண்டு வாங்கித் தரச் சொல்லலாம்.

எத்தனை தொட்டி, எத்தனை பேர்

முப்பது தொட்டியில் தொடங்குங்கள். கோடையில் அதற்கே தினம் 40 லிட்டர், பத்து லிட்டர் பூவாளியில் நான்கு நடை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இருபது செண்டுமல்லி விதை போட்டால் சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். மொட்டு வைத்ததை ஜன்னல் ஸ்டாண்டுக்கு ஏற்றுங்கள், பூத்து ஓய்ந்ததைப் பின்பக்கம் இறக்குங்கள். எந்த ஜன்னலிலும் காய்ந்த செடி நிற்கக்கூடாது.

ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு வாரம் ஒருநாள், ஞாயிறு வாட்ச்மேன். இருமல், காய்ச்சல் இருந்தால் வராதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டவரா என்று சேரும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கத்தரி, களைக்கொத்தியை எண்ணி எடுத்து, எண்ணிப் பூட்டுங்கள்.

திட்டம் சரியும் மாதம் மே. எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், வெயிலும் அப்போதுதான். ஏப்ரலிலேயே சொட்டுநீர் போட்டுவிடுங்கள். 16 மில்லிமீட்டர் குழாய், தொட்டிக்கு ஒன்றாக மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவான், குழாய்வாயில் பேட்டரி டைமர். நாற்பது நிமிடம் ஓடினால் தொட்டிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேலேயே கிடைக்கும். காலை ஐந்தரைக்கு ஓடும்படி வையுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு சொட்டுவானை அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் டைமர் பேட்டரியை மாற்றிவிட்டு, உபரி பேட்டரி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் காட்டிவிட்டுப் போங்கள்.